மதம் மாத்த ஏன் இவ்ளோ ஆர்வம்? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

மதங்களோட வரலாறு பாடம் எடுக்குற ஆளு நான். எந்த மதம் ஒசத்தின்னு மட்டும் கேக்காதீங்க. 'மதம்னாலே இப்படித்தான்'னும் ஆரம்பிக்காதீங்க, ப்ளீஸ்.

தூங்காதவன்: நம்பிக்கை அவங்கவங்க சொந்த விஷயம்தானே, எதுக்கு அடுத்தவன இழுக்கணும்?

சொந்த விஷயம்னு நீங்க நினைக்கிறீங்க, அவங்க அப்படி நினைக்கல. மத்தேயு 28ல 'போய் எல்லா ஜனங்களையும் சீஷராக்குங்க'ன்னு இயேசு சொல்றாரு, விசுவாசிக்கு அது உத்தரவு. குர்ஆன் 16:125 ஞானத்தோட, அழகா எடுத்துச் சொல்லி கூப்பிடச் சொல்லுது, தாவான்னு சொல்றது அதான். பக்கத்து வீடு பத்தி எரியுதுன்னு உண்மையாவே நம்புறவன் கதவ தட்டாம போய் படுத்தா தூக்கம் வருமா? நெசமா எரியுதாங்குறது வேற கேள்வி.

இன்னொன்னும் இருக்கு. ஒருதடவ கதவு தட்டிப் பேசுற ரெண்டு பசங்களோட நாள் பூரா நடந்தேன். முக்காவாசி கதவு தொறக்கவே இல்ல, தொறந்த ஒருத்தரும் மூஞ்சில அடிச்ச மாதிரி சாத்திட்டாரு, கைல இருந்த நோட்டீஸ் வேர்வைல ஊறி ஒட்டிக்கிச்சு, ஆனா சாயங்காலம் அவங்க காலைல இருந்தத விட உறுதியா இருந்தாங்க. ஒருத்தரும் மாறல, ஆனா சொல்லிச் சொல்லி சொன்னவங்களுக்கே நல்லா பதிஞ்சிடுச்சு. லோஃப்லாண்ட், ஸ்டார்க்னு ரெண்டு சமூகவியல் ஆய்வாளர்கள் 1965ல எழுதின கட்டுரைலயும், வாதத்த விட உள்ள இருக்குற ஆளுங்களோட பழக்கம்தான் புதுசா வர்றவங்கள சேத்துச்சுன்னு வருது.

சந்தேகப்பிராணி: தலைக்கு இவ்ளோன்னு காசு வருதாமே?

மோசடி எங்கயுமே இல்லன்னு சொல்லல. ஆனா மார்மன்னு அமெரிக்காவுல தோணுன ஒரு கிறிஸ்தவப் பிரிவோட பசங்க ரெண்டு வருஷம் ஊழியத்துக்குப் போறது பெரும்பாலும் சொந்தக் காசுல, இல்ல வீட்டுக் காசுல.

வெட்டிப்பய: காசுதானே சார் காரணம்?

மேல சொல்லிட்டேன், படிங்க.

பட்டாம்பூச்சி: பௌத்தம் இதெல்லாம் பண்ணதே இல்லயே.

பண்ணுச்சே! மொத 60 சீடர்கள, ரெண்டு பேர் ஒரே வழில போகாதீங்கன்னு புத்தர் அனுப்பினதா வினய பிடகத்துல, அதாவது பிக்குகளோட விதிமுறை நூல்ல இருக்கு. அசோகர் காலத்துல அவர் மகன் மகிந்தர் பௌத்தம் பரப்ப இலங்கைக்குப் போனதா மகாவம்சம்ங்குற இலங்கையோட பழைய வரலாற்று நூல் சொல்லுது.

பட்டாம்பூச்சி: அது போதனை, மதமாற்றம் இல்ல.

கேட்டவன் புத்தம் சரணம்னு சொல்லிட்டானே, அதுக்குப் பேர் என்னங்க? நம்மாளு பண்ணா போதனை, அடுத்தவன் பண்ணா மதமாற்றமா?

பட்டாம்பூச்சி: வற்புறுத்தல் இல்லயே.

ஆங், இப்ப சொன்னீங்க பாருங்க, அத மொதல்லயே சொல்லிருக்கலாம். கோடு போட வேண்டிய எடம் அதான். குர்ஆன் 2:256லயே மார்க்கத்துல கட்டாயம் இல்லன்னு இருக்கு, ஆனா வரலாற்றுல எல்லாரும் அத மதிச்சாங்களா என்ன?

பழைய பேப்பர்: யூதர்கள் ஏன் கூப்பிடுறதில்ல?

வர்றேன்னு சொல்றவங்களயே மூணு தடவ திருப்பி அனுப்பிப் பாக்குறது ரப்பிகளோட, அதாவது யூத மத குருக்களோட பழைய வழக்கம். லெபனான், சிரியா பக்கம் இருக்குற திரூஸ்ங்குற மதத்து மக்கள் 1043லயே புதுசா யாரையும் சேக்குறதில்லன்னு கதவ சாத்திட்டாங்க. அதனாலதான் 'மதம்னாலே' வேணாம்னேன்.

குறுக்குக்கேள்வி: சட்டம் என்ன சொல்லுது?

நாட்டுக்கு நாடு வேற, வக்கீல கேளுங்க. 1948 மனித உரிமைப் பிரகடனம் 18வது பிரிவுல மதம் மாறுற உரிமை இருக்கு. கிரேக்க நாட்டுல கொக்கினாகிஸ்னு ஒருத்தர், வீடு வீடா போய் பேசுற யெகோவா சாட்சிகள்ங்குற கிறிஸ்தவப் பிரிவச் சேந்தவரு, மதம் மாத்தப் பாக்குறாருன்னு 60 தடவைக்கு மேல கைதானவரு, 1993ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துல ஜெயிச்சாரு.

நடுராத்திரி: சார், காசு மேட்டர்...

மூணாவது தடவ.

தூங்காதவன்: நாளைக்கு என் கதவ தட்டினா?

வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டு சாத்துங்க. தண்ணி கேட்டா குடுங்க.