மிக்ஸியில் அடித்தால் நானோ ஆகாதுங்க

வணக்கங்க. ஏற்காட்டில் வாங்கிய எலுமிச்சைப்புல் எண்ணெயைத் தண்ணீரில் கலந்து தடவினீர்கள், கை சிவந்து எரிந்தது, மணமும் அரை மணி நேரத்தில் போய்விட்டது, மிக்ஸியில் அடித்தால் நானோ ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகாது. மிக்ஸி தருவது மைக்ரோமீட்டர் (1000 நானோமீட்டர்) அளவுத் துளி; நானோ துளி பெரும்பாலும் 20 முதல் 200 நானோமீட்டர். அதற்கு எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் பாலிசார்பேட் 80 மாதிரி ஒரு பால்மமாக்கியும், பொதுவாகக் காதுக்குக் கேட்காத ஒலியால் துளியை உடைக்கும் மீயொலிக் கருவி மாதிரி ஒன்றும் வேண்டும். இன்னொரு வகை, எண்ணெயைக் கொழுப்புக்குள் பொதிந்த நானோ துகள்; அதில் எண்ணெய் அடைபட்டு மெல்லக் கசிவதால்தான் மணம் நிற்கிறது. துகள் தோலைத் துளைத்துக்கொண்டு ஓடுவதில்லை. பெரும்பாலும் மேல்தோலிலும் மயிர்க்கால் குழிகளிலும் தங்கிவிடும்.

எரிந்ததற்கு வருவோம். நீங்கள் தண்ணீரில் கலந்த பாட்டிலைக் குலுக்கி மேசையில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் கழுத்தருகே மஞ்சள் வளையம் கட்டும். கையில் பட்டது அந்தக் கலக்காத எண்ணெய்தான். அதில் எலுமிச்சை மணம் தரும் சிட்ரால் என்ற பொருள் சிலருக்கு ஒவ்வாமை தரும். நானோ ஆக்கினாலும் அது போகாது; துகள் மேலேயே தங்கினாலும் அதிலிருந்து கசியும் சிட்ரால் இன்னும் ஆழமாகக்கூட இறங்கலாம்.

சிவப்பு முழுக்க அடங்கட்டும். அப்புறம் 100 மில்லி தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 10 சொட்டு கலந்து, முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். கொப்புளம் வந்திருந்தால் இந்தச் சோதனையும் வேண்டாம். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, போய்க் காட்டிவிடுங்கள்.