வண்டியிலும் வெளியிலும் ஹாம் ரேடியோ: கேட்டவையும் சொன்னவையும்

உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக ஒருவரோடொருவர் பேசும் ரேடியோதான் ஹாம் ரேடியோ. அதை வண்டியில் பொருத்துவது, பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்ப் பேசுவது, இந்த இரண்டைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி "எந்த மாடல் வாங்கலாம்?" என்ற கேள்விதான். அவற்றை ஒதுக்கிவிட்டேன். நல்ல ரேடியோவை மோசமான வயரில் மாட்டிவிட்டு ரேடியோவைத் திட்டுபவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மற்றவற்றுக்குப் பதில் கீழே.

கேள்வி: 100 வாட் எச்.எஃப். (சிற்றலை) ரேடியோ வாங்கியிருக்கிறேன். காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்தே கரண்ட் எடுத்தால் போதுமா சார்?

போதாது. 100 வாட் ரேடியோ முழு பவரில் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர்தான். ஃபியூஸ் உடனே போய்விட்டால் நல்லது. எஸ்.எஸ்.பி. என்ற குரல் அனுப்பும் முறையில் குரலோடு கரண்டும் ஏறி இறங்குவதால் சில நேரம் அது தாக்குப்பிடிக்கும். அப்போது சாக்கெட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் சூடேறி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளக ஆரம்பிக்கும். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்க மட்டும் நினைக்காதீர்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது உங்கள் ரேடியோவை அல்ல, டாஷ்போர்டுக்குள் ஓடும் மெல்லிய வயரை.

பேட்டரியிலிருந்து தனியாக வயர் இழுங்கள். ஒரு சின்னக் கணக்கு. பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் 4 மீட்டர் என்றால், போக வர 8 மீட்டர் செம்பு. 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் மீட்டருக்குச் சுமார் 7 மில்லிஓம், ஆக மொத்தம் 56. அதில் 20 ஆம்பியர் ஓடினால் 1.1 வோல்ட் வயரிலேயே கரைந்துவிடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் அரை வோல்ட்டுக்குள் அடங்கும். பல ரேடியோக்களுக்கு 13.8 வோல்ட்டிலிருந்து 15 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பார்கள். அதாவது கீழ் எல்லை 11.7. என்ஜின் ஓடாதபோது சுமை ஏறிய பேட்டரி 12-ஐ ஒட்டித்தான் நிற்கும். அதிலும் 1.1 போனால் ஒவ்வொரு முறை குரலை உயர்த்தும்போதும் ரேடியோ அணைந்து அணைந்து எரியும்.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், ரேடியோ பக்கத்தில் அல்ல. ஏன் என்பதை என் முதல் வண்டியில் கற்றுக்கொண்டேன். என்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் போடச் சோம்பல்பட்டேன். சில மாத அதிர்வில் தகட்டின் விளிம்பு வயரின் உறையை அறுத்துவிட்டது. பளிச்சென்று ஒரு சத்தம், ஃபியூஸ் போனது. அந்த ஃபியூஸ் மட்டும் ரேடியோ பக்கத்தில் இருந்திருந்தால் வயர் முழுக்கத் தீப்பிடித்திருக்கும்.

கேள்வி: நெகட்டிவ் வயரையும் பேட்டரி முனையிலேயே முறுக்கலாமா?

பழைய வண்டியில் முறுக்கலாம். அப்போது அந்த வயரிலும் ஒரு ஃபியூஸ் போடுங்கள். புது வண்டிகள் பலவற்றில் நெகட்டிவ் முனையில் ஒரு சிறிய பெட்டி, அதாவது கரண்டை அளக்கும் சென்சார், உட்கார்ந்திருக்கும். அப்படி இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் பாடியில் போல்ட் செய்யப்பட்டிருக்கும் இடத்தில் இணையுங்கள். நேராக முனையில் மாட்டினால் ரேடியோ இழுக்கும் கரண்ட் சென்சாரின் கணக்கில் வராது.

கேள்வி: அண்ணா, 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) இரண்டரை மீட்டர் விப் (ஒற்றைக் கம்பி) ஆன்டெனா, அடியில் காயில், டிக்கி மூடியில் கிளாம்ப். எஸ்.டபிள்யூ.ஆர். 1.1 காட்டுகிறது. ஆனால் கூப்பிட்டால் ஒருவரும் பதில் சொல்வதில்லை. ரேடியோ பழுதா?

தம்பி, அந்த 1.1-தான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ரேடியோ எதிர்பார்க்கும் 50 ஓமோடு ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவுதான் எஸ்.டபிள்யூ.ஆர். 1 என்றால் முழுப் பொருத்தம்.

40 மீட்டரில் கால் அலைநீளம் சுமார் 10 மீட்டர். நீங்கள் வைத்திருப்பது அதில் நாலில் ஒரு பங்கு. அவ்வளவு குட்டையான கம்பி அடியில் காயிலோடு இருக்கும்போது அதன் கதிர்வீச்சு மின்தடை (மொத்த மின்தடையில் பவரை அலையாக வெளியே அனுப்பும் பங்கு) ஒன்றரை ஓமுக்குள்தான் வரும். நல்ல காயிலின் இழப்பு ஒரு 7 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 9-ஐத் தொடாது. 50 ஓமுக்குப் பொருத்தும் தனிக் காயில் எதுவும் இல்லாமல் உங்கள் மீட்டர் 50 ஓம் பார்க்கிறது என்றால், மீதி 40 ஓம் எங்கிருந்து வந்தது? கீல், பெயின்ட், கிரீஸ், மண். மூடிக்கும் பாடிக்கும் நடுவே ஒழுங்கான இணைப்பே இல்லை. நீங்கள் அனுப்பும் 100 வாட்டில் காற்றில் போவது 3 வாட். மீதியில் வண்டியைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

மூடியின் இரண்டு கீல்களுக்கும் குறுக்கே அகலமான செம்புப் பின்னல் பட்டையால் பாடியோடு இணைப்புக் கொடுங்கள். எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. போல்ட் இறங்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பைப் பாருங்கள், பல்லுள்ள வாஷர் போடுங்கள், முறுக்கியபின் துருப்பிடிக்காமல் மேலே கிரீஸ் தடவுங்கள். அப்புறம் எஸ்.டபிள்யூ.ஆர். 3-க்கு ஏறும். பயப்படாதீர்கள், அது நல்ல செய்தி. இழப்பு குறைந்து மொத்த மின்தடை 15 ஓம் பக்கம் வந்திருக்கிறது. ஆன்டெனாவின் அடியிலிருந்து பாடிக்கு ஒரு சிறிய காயில் போட்டு, விப்பைக் கொஞ்சம் சரிசெய்து அதை 50-க்குக் கொண்டுவரலாம். இப்போது 10 வாட் வெளியே போகும். எதிர்முனையில் 5 டெசிபல் கூடுதல். ஆன்டெனாவின் நடுவே காயில் வைத்த விப் கிடைத்தால் இன்னும் கூடும்.

இன்னொரு அடையாளம்: நல்ல குட்டை ஆன்டெனாவில் டியூனிங் மிகக் குறுகலாக இருக்கும். சில பத்து கிலோஹெர்ட்ஸ் தள்ளினாலே எஸ்.டபிள்யூ.ஆர். எகிறும். பேண்டு முழுக்கத் தட்டையாக இருக்கிறது என்று யாராவது பெருமைப்பட்டால், சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கேள்வி: 2 மீட்டர் பேண்டுக்கும் இத்தனை பாடு பட வேண்டுமா?

வேண்டாம். அரை மீட்டர் கம்பி, கூரையின் நடுவில் காந்த மவுண்ட், முடிந்தது.

கேள்வி: என்ஜின் நிறுத்தியிருந்தால் அமைதி. ஓடினால் எஸ் மீட்டரில் (சிக்னல் வலிமையைக் காட்டும் மீட்டர்) எஸ்-7 இரைச்சல். எங்கே தேடுவது?

மின்கம்பிகள் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். முதலில் ஆன்டெனாவைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் அது பவர் வயர் வழியே வருகிறது, போய்விட்டால் ஆன்டெனா வழியே. அடுத்து ஆக்சிலரேட்டரை மெல்ல மிதியுங்கள். சுருதி ஏறும் சிணுங்கல் ஆல்டர்னேட்டர். வேகத்தோடு கூடும் டிக் டிக் இக்னிஷன். எதற்கும் மாறாமல் ஒரே மாதிரி இரைந்தால் பெட்ரோல் பம்ப், ஃபேன், எல்.இ.டி. விளக்கு, போன் சார்ஜர் இவற்றில் ஒன்று.

நான் இரண்டு வார இறுதிகள் பானெட்டைத் திறந்து தேடியிருக்கிறேன். கடைசியில் குற்றவாளி, பின் சீட்டில் யாரோ செருகிவிட்டு மறந்த சார்ஜர். ஆகவே செருகியிருப்பதையெல்லாம் முதலில் பிடுங்குங்கள்.

இரைச்சலை மறிக்க வயரில் ஃபெரைட் (ஒரு காந்தப் பொருள்) போடுவதானால் எச்.எஃப்.புக்கு 31-ஆம் வகை. வயரின் மேல் ஒன்றைக் கவ்வவிட்டால் பெரிய பலன் இருக்காது. பெரிய வளையமாக எடுத்து நாலைந்து சுற்றுச் சுற்றுங்கள். மறிப்பு, சுற்றின் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மூன்று சுற்று என்றால் ஒன்பது மடங்கு. பானெட்டையும் சைலன்சர் குழாயையும் பாடியோடு பட்டையால் இணைப்பதும் பல வண்டிகளில் பலன் தரும்.

கேள்வி: 5 வாட் ஹேண்டியை (கையடக்க ரேடியோ) காருக்குள் வைத்துப் பேசினால் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையம்) எட்டவில்லையே?

இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்து பேசுகிறீர்கள், எப்படி எட்டும்? ஹேண்டி அதுவே இருக்கட்டும், ஆன்டெனாவைக் கூரைக்கு அனுப்புங்கள். கனமான கோஆக்ஸை (ஆன்டெனா கேபிள்) நேராக ஹேண்டியில் மாட்டினால் அதன் கனெக்டர் முறியும். மெல்லிய கேபிள் துண்டு ஒன்றை இடையில் போடுங்கள்.

கேள்வி: மலை ஏறிப் பேச ஆசை. 10 வாட் ரேடியோவுக்கு எத்தனை ஆம்பியர் அவர் (ஆம்பியர் மணி) பேட்டரி தூக்க வேண்டும்?

உங்கள் ரேடியோ கேட்கும்போது அரை ஆம்பியர், பேசும்போது இரண்டரை ஆம்பியர் இழுக்கிறது, நேரத்தில் கால்பங்கு பேசுகிறீர்கள் என்று வைப்போம். சராசரி 1 ஆம்பியர். ஆகவே 10 ஆம்பியர் அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒரு பகலுக்குத் தாராளம். ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும், எடையும் முதுகுக்குத் தெரியும்.

ஒரு விஷயம் ஏமாற்றும். இந்த லித்தியம் வகையில் வோல்ட்டேஜ் கடைசிவரை 13-ஐ ஒட்டியே நிற்கும், அப்புறம் பொத்தென்று விழும். வோல்ட்மீட்டரை நம்பாமல் ஆம்பியர் அவர் எண்ணும் மீட்டர் வையுங்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. சின்ன பேட்டரியில் 100 வாட் ரேடியோவை மாட்டினால் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று, முதல் "சி.க்யூ."விலேயே (யாராவது பதில் சொல்லுங்கள் என்ற அழைப்பு) பேட்டரியைத் துண்டித்துவிடவும் கூடும். 100 வாட்டிலிருந்து 10-க்கு இறங்குவது 10 டெசிபல், எஸ் மீட்டரில் இரண்டு எஸ் கூட இல்லை. அந்த எடையைக் கீழேயே விட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: மேலே எந்த ஆன்டெனா? எண்ட் ஃபெட்டா, டைபோலா?

ஒரே ஒரு மரம் இருந்தால் எண்ட் ஃபெட், அதாவது ஒரு முனையில் கேபிள் மாட்டும் வயர். 20 மீட்டர் வயர், அதைக் கேபிளோடு பொருத்த 49-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர், 40, 20, 15, 10 மீட்டர் பேண்டுகள் எல்லாம் கிடைக்கும். அது கோஆக்ஸின் வெளி உறையைத் தன் மறுபாதியாக எடுத்துக்கொள்ளும், அதனால் மைக்கைத் தொட்டால் சுரீரென்று கடிக்கும். ரேடியோவுக்குப் பக்கத்தில் ஃபெரைட் வளையத்தில் கோஆக்ஸைச் சுற்றிவிடுங்கள்.

எனக்கு டைபோல்தான், அதாவது நடுவில் கேபிள் மாட்டும் இரண்டு சம வயர்தான், பிடிக்கும். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் நீளம் வரும். 7.1-க்கு 20 மீட்டர் சொச்சம். 6 மீட்டர் கழியில் நடுவைத் தூக்கி, இரு முனைகளைக் கீழே இழுத்துக் கட்டினால் போதும். அந்த உயரத்தில் அலை பெரும்பாலும் செங்குத்தாக மேலே போய்த் திரும்பும். சில நூறு கிலோமீட்டருக்குள் பேச அதுவே வசதி. கழி கண்ணாடியிழையாக இருக்கட்டும். கார்பன் கழி மின்சாரம் கடத்தும், ஆன்டெனாவின் டியூனிங்கைக் கெடுக்கும்.

கேள்வி: காரில் உச்சிவரை போய்விட்டு, அங்கேயே உட்கார்ந்து பேசினால் சோட்டா கணக்கில் வருமா?

வராது. சோட்டா என்பது மலையுச்சிகளிலிருந்து பேசிப் புள்ளி சேர்க்கும் திட்டம். 2002-இல் தொடங்கிய இந்த சம்மிட்ஸ் ஆன் தி ஏர் விதிப்படி வண்டிக்குள்ளிருந்து பேசக் கூடாது, எரிபொருள் ஜெனரேட்டரும் கூடாது. உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டர் இறக்கத்துக்குள் இருந்து, குறைந்தது 4 பேரிடம் பேசினால் புள்ளி.

கேள்வி: ஓட்டிக்கொண்டே பேசுவது பற்றி?

உங்கள் ஊர்ச் சட்டத்தை முதலில் பாருங்கள். ரேடியோவின் முகப்பும் மைக்கும் ஏர்பேக் விரியும் பாதையில் இருக்கக் கூடாது. பவரையும் மெமரிகளையும் புறப்படுவதற்கு முன்பே செட் செய்துவிடுங்கள். லாக் (யாரோடு பேசினோம் என்ற குறிப்பு) எழுத வண்டியை ஓரங்கட்டுங்கள். இறங்கும்போது ரேடியோவை அணைத்தீர்களா என்று பாருங்கள். நான் ஒருமுறை மறந்துவிட்டு, மறுநாள் காலையில் வண்டியைத் தள்ளினேன்.