ஹீமோஃபிலியா உள்ள குழந்தைக்கு அரசு உதவி கிடைக்குமா? கடலூர், புதுச்சேரி எல்லையில் இருப்பவர்கள் எங்கே போக வேண்டும்?

கேட்டிருப்பவர் பாகூரில் வாழ்க்கைப்பட்டு, இப்போது தூக்கணாம்பாக்கத்தில் அம்மா வீட்டில் இருக்கும் ஒரு தாய். ஆறு வயது மகனுக்குத் தீவிர ஹீமோஃபிலியா ஏ (ரத்தம் சரியாக உறையாத நோய்) என்று சொல்லிவிட்டார்கள், ஊசி விலையைக் கேட்டுப் பயந்துவிட்டோம், கணவர் வீட்டு ரேஷன் கார்டு புதுச்சேரி, அம்மா வீட்டுக் கார்டு தமிழ்நாடு, எந்த அரசிடம் போவது என்று கேட்கிறார்.

தங்கச்சி, நான் கடலூர் ஓ.டி.யில் (பழைய டவுனில்) இருக்கிறேன். என் மகனுக்கும் இதே நோய்தான், இதே தீவிர வகைதான். இப்போது கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறான். அதனால் தைரியமாகப் படியுங்கள்.

உதவியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது அம்மாவிடமிருந்து மகனுக்குப் போகிற எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் "உன் வழியில் வந்ததுதானே" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள், பல வருடம் அதை நெஞ்சிலேயே வைத்திருந்தேன். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குடும்பங்களில் முன்னால் யாருக்குமே இல்லாமல் புதிதாக வருகிற நோய் இது. வழிவழியாக வந்திருந்தாலும்கூட அது யார் செய்த தவறும் இல்லை. பெண் பிள்ளை இருந்தால் அவளுக்கும் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள், அவ்வளவுதான்.

சரி, பணம். ஊசிக்காக நகையை அடகு வைக்காதீர்கள். உங்கள் மகனுக்குத் தேவையான, ரத்தம் உறைய உதவுகிற ஃபாக்டர் 8 மருந்தைத் தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இலவசமாகவே தருகிறார்கள். நிறைய பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எல்லாம் அதிலேயே வந்துவிடும் என்று நினைத்து முதலில் கலெக்டர் ஆபீசுக்கு ஓடுகிறார்கள், நானும் அப்படித்தான் ஓடினேன். அந்தக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்துச் செய்கிற சிகிச்சைக்கும் அறுவை சிகிச்சைக்கும்தான். ஹீமோஃபிலியாவோ மாதம் பலமுறை ஊசி கேட்கிற நோய். அதற்கு வழி அரசு மருத்துவமனையில் பெயரைப் பதிந்து, ஒரு நோட்டுப் போட்டு, அங்கேயே தொடர்ந்து போவதுதான். காப்பீட்டு அட்டையையும் எடுத்து வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும், வருடத்துக்கு 5 லட்சம் வரை. சந்தேகத்துக்கு 1800 425 3993 என்ற இலவச எண் இருக்கிறது.

இப்போது உங்கள் எல்லைப் பிரச்சினை. முள்ளோடையைத் தாண்டினால் கடலூர், திரும்பினால் புதுச்சேரி. நமக்கு அது ஒரு சாலை, காகிதத்துக்கு அது இரண்டு அரசாங்கம். மகன் பெயர் எந்த ரேஷன் கார்டில் இருக்கிறதோ அந்த அரசின் திட்டம்தான் அவனுக்கு. உங்கள் பெயர் இன்னும் அம்மா வீட்டுக் கார்டிலும் இருந்தால் ஒன்றில் நீக்கிவிடுங்கள். இரண்டிலும் இருப்பது நமக்குச் சாதகம் என்று தோன்றும், பரிசீலனை வரும்போது இரண்டும் சிக்கிக்கொள்ளும். மகன் புதுச்சேரிக் கார்டில் இருந்தால் தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டைக்கு அலையாதீர்கள், அங்கே ஆயுஷ்மான் பாரத் இருக்கிறது, அதையும் வருடத்துக்கு 5 லட்சம் வரை பயன்படுத்தலாம். உங்கள் கார்டு சிவப்பா (வறுமைக் கோட்டுக்குக் கீழ்) மஞ்சளா (அதற்கு மேல்) என்பதைப் பொறுத்துப் பல உதவிகள் மாறும், அதனால் சமூக நலத்துறை அலுவலகத்துக்குப் போகும்போது கார்டைக் கையிலேயே கொண்டுபோங்கள். புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கிற ஜிப்மர் மருத்துவமனை மத்திய அரசினுடையது. அங்கே காலையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும், கடலூர், விழுப்புரம், திண்டிவனம் என்று எல்லா ஊர்க்காரர்களும் இருப்பார்கள். நோயைக் கண்டுபிடித்த இடம் அதுதான் என்றால் அந்த ரிப்போர்ட்டின் மூலப் பிரதியை உயிர்போல வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கம் இருந்தாலும் நீங்கள் தள்ளிப்போடக் கூடாதது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, யூடிஐடி என்று சொல்வார்கள். நடக்கிற குழந்தைக்கு எதற்கு அந்த அட்டை என்று என் கணவரே கேட்டார், மனசுக்குக் கஷ்டம்தான், புரிகிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகை குறைபாடுகள்தான் இருந்தன, ஹீமோஃபிலியா அதில் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியபோதுதான் ஹீமோஃபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் என்ற மூன்று ரத்த நோய்களும் உள்ளே வந்தன. இந்த அட்டை இந்தியா முழுவதும் செல்லும், எல்லை அதற்குத் தடை இல்லை. விண்ணப்பத்தை இணையத்தில் போட்டுவிட்டு மருத்துவக் குழு முன்னால் மகனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். முட்டியில், கணுக்காலில் முன்பு ரத்தம் கசிந்த விவரங்கள், எத்தனை முறை ஃபாக்டர் போட்டீர்கள் என்ற பதிவு, எல்லாம் கையில் இருந்தால் சதவீதம் சரியாக வரும். 40 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 5 சதவீத ஒதுக்கீட்டில் அவன் விண்ணப்பிக்கலாம். ஆறு வயசுப் பையனுக்குக் கல்லூரிப் பேச்சா என்று தோன்றும். என் மகனுக்கு அட்டை கைக்கு வர அலைந்த அலைச்சலை நினைத்துத்தான் இப்போதே சொல்கிறேன்.

எனக்குப் பிடிக்காத ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். இலவசம் என்றால் எப்போதும் இருக்கும் என்று அர்த்தம் இல்லை. ஒருமுறை மகனின் முழங்கால் பப்பாளிப் பழம்போல வீங்கிவிட்டது, ஆட்டோவில் போய் இறங்கினால் ஒரு அரசு மருத்துவமனையில் ஸ்டாக் இல்லை, நாளைக்கு வாங்க என்றார்கள். நாளை வரை காத்திருக்கிற நோயா இது? மூட்டுக்குள் ரத்தம் ஒவ்வொரு மணி நேரமும் குருத்தெலும்பைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். அன்றிலிருந்து ஒரே இடத்தை நம்புவதை விட்டுவிட்டேன். தலைமை மருத்துவமனை ஒன்று, சிதம்பரத்தில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்ட மருத்துவமனை ஒன்று, ஜிப்மர் ஒன்று என்று மூன்று இடத்திலும் விசாரித்து வைத்திருக்கிறேன், கிளம்புவதற்கு முன் போன் செய்து இருப்பைக் கேட்டுக்கொண்டுதான் கிளம்புவேன். தமிழ்நாட்டில் இல்லை என்று கைவிரித்தால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள், அதிலும் ஆகவில்லை என்றால் 1100 என்ற முதல்வர் உதவி எண்.

வீட்டில் வைத்துக்கொள்ள ஒன்றிரண்டு டோஸ் தருவார்களா என்று மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், நரம்பில் ஊசி போடக் கற்றுக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்த அன்று என் மகனுக்கு 4 வயது. விடியற்காலையில் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். வெளியே வேரோடு விழுந்த மரங்கள், எந்த வண்டியும் அசையாது. வீட்டில் ஒரு குப்பி இருந்தது, அதுதான் அன்றைக்கு அவன் கையைக் காப்பாற்றியது. பட்டர்ஃபிளை ஊசியை (நரம்பில் போடுகிற, சிறகு வைத்த மெல்லிய ஊசி) எடுத்தபோது என் கை நடுங்கியது, மூன்றாவது முயற்சியில்தான் நரம்பு கிடைத்தது. அப்புறம் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. உறவுக்காரர் ஒருவர் இன்னொரு குப்பி கொண்டுவந்து கொடுத்தார், அதைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டுமே, துறைமுகத்தில் மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்து வைத்தோம், ஐஸ் நேராகப் படாமல் நடுவில் துணி சுற்றி. ஃபாக்டர் உறையக் கூடாது, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சில கம்பெனி மருந்தைச் சாதாரண அறை வெப்பத்திலும் குறிப்பிட்ட காலம் வைக்கலாம், பெட்டியிலேயே அச்சடித்திருக்கும், படியுங்கள். கரைக்கும்போது குலுக்காதீர்கள், இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டுங்கள், நுரைக்கக் கூடாது.

கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். ஃபாக்டர் 8 ஒரு கிலோ எடைக்கு 1 யூனிட் போட்டால் ரத்தத்தில் அளவு ஏறக்குறைய 2 சதவீதம் ஏறும். உங்கள் மகன் 20 கிலோ, மருத்துவர் 40 சதவீதத்துக்கு ஏற்றச் சொல்கிறார் என்றால் 400 யூனிட், 250 யூனிட் குப்பி இரண்டு. இந்தக் கணக்கு தெரிந்த அம்மாவிடம் டியூட்டியில் இருக்கிற புது டாக்டர்கூட நிதானமாகப் பேசுவார். குப்பியில் இருக்கிற ஸ்டிக்கரை உரித்து நோட்டில் ஒட்டி, தேதியும் எந்த மூட்டு என்பதும் எழுதுங்கள். அந்த நோட்டுதான் மருத்துவக் குழு முன்னாலும் பேசும்.

ரயிலில் சிகிச்சைக்குப் போகும்போது ஹீமோஃபிலியா நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் 75 சதவீதம் சலுகை உண்டு, மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

கடைசியாக, எங்கள் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் என் மகனுக்குக் காய்ச்சலுக்கு இடுப்பில் ஊசி போட்டுவிட்டார்கள், நான் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை, தொடை முழுக்க ரத்தம் கட்டி இரண்டு வாரம் எழுந்திருக்கவில்லை. அதனால் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிப் பள்ளிப் பையிலும் சட்டைப் பையிலும் வையுங்கள்: தீவிர ஹீமோஃபிலியா ஏ, தசையில் ஊசி போடக் கூடாது, ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனாக் கூடாது, பாராசிட்டமால் தரலாம், அடிபட்டால் ஐஸ் வைத்து உடனே அம்மாவை அழைக்கவும். கீழே உங்கள் எண், அதற்குக் கீழே மருத்துவமனை எண். வகுப்பு ஆசிரியரிடம் ஒன்று, விளையாட்டு ஆசிரியரிடம் ஒன்று கொடுத்துவிடுங்கள்.