அம்மாவின் வயிற்றில் விட்டுப்போன துணி: அந்த டாக்டர் மீது என்ன நடவடிக்கை எடுக்கலாம்?

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்றரை லட்சம் கட்டி, கர்ப்பப்பையை எடுத்தோம். அப்புறம் வயிற்றுவலியும் காய்ச்சலும் விடவே இல்லை. மூன்று மாதம் கழித்து வேறொரு மருத்துவமனையில் வயிற்றைத் திறந்தபோது உள்ளே துணி இருந்தது. சீழ் பரவி அம்மா இறந்துவிட்டார். எட்டு மாதம் ஆகிறது. போஸ்ட்மார்ட்டம் செய்யவில்லை. போலீஸில் ‘மெடிக்கல் ஒப்பீனியன் வரட்டும்’ என்று சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்ததற்கான ரசீது) மட்டும் தந்தார்கள். அந்த டாக்டர் ஜெயிலுக்குப் போக வேண்டும். இனி ஆபரேஷனே செய்யக் கூடாது. என்ன வழி?
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து மனம் கனத்துவிட்டது. ஆனால் அதில் கேஸ் ஷீட், அதாவது மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவு பற்றி ஒரு வரிகூட இல்லை. முதல் வேலை அதை வாங்குவதுதான். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. அந்த விதிப்படி, ஆவணங்களை மூன்று வருடம்தான் வைத்திருக்க வேண்டும். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

கையில் வந்ததும் துணிக் கணக்கைத் தேடுங்கள். வயிற்றைத் தைப்பதற்கு முன்பு, ரத்தம் ஒற்ற உள்ளே வைத்த துணி எத்தனை, திரும்பி வந்தது எத்தனை என்று நர்ஸ் எண்ணிச் சொல்ல வேண்டும். ‘கணக்கு சரி’ என்று எழுதியிருந்தால் அது தவறான பதிவு. எதுவுமே எழுதாமல் விட்டிருந்தால் எண்ணினார்களா என்பதே சந்தேகம். இரண்டுமே உங்களுக்குச் சாட்சி.

போலீஸ் உங்களைத் தட்டிக்கழிப்பதாக நினைக்க வேண்டாம். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் போட்ட நிபந்தனை அது. டாக்டர் மீது வழக்கை நகர்த்தும் முன், அதே துறையில் சார்பற்ற ஒரு டாக்டரின் கருத்தை, முடிந்தவரை அரசு டாக்டரின் கருத்தை, வாங்க வேண்டும். லூதியானாவில் மூச்சுத் திணறிய நோயாளிக்கு மாட்டிய ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்த வழக்கு அது. அதிலேயே டாக்டர்மீதான குற்ற வழக்கை ரத்து செய்தார்கள். தவறு மட்டும் போதாது, மிக மோசமான கவனக்குறைவு வேண்டும் என்றார்கள்.

அம்மா வலியோடு திரும்பத் திரும்ப முதலில் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போனாரா? ஸ்கேன்கூட எடுக்காமல் மாத்திரை கொடுத்து அனுப்பினாரா? அந்த ஓ.பி. சீட்டுகள்தான் குற்ற வழக்குக்கு உயிர். அது நிரூபணமானாலும், பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) 106(1)இன்படி டாக்டருக்கு அதிகபட்சம் இரண்டு வருடச் சிறைதான். மற்றவர்களுக்கு ஐந்து. இந்த வித்தியாசம் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இனி அவர் ஆபரேஷன் செய்யக் கூடாது என்கிறீர்களே, அதற்குப் போக வேண்டிய இடம் போலீஸ் ஸ்டேஷன் இல்லை. சென்னை அரும்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். கவுன்சில் அவரை எச்சரிக்கலாம், டாக்டர்கள் பதிவேட்டிலிருந்து கொஞ்ச காலத்துக்கோ நிரந்தரமாகவோ பெயரை நீக்கலாம். போலீஸ் வழக்கு முடியக் காத்திருக்க வேண்டாம், இப்போதே புகார் அனுப்புங்கள். நஷ்டஈடு மட்டும் அங்கே கிடைக்காது.

நஷ்டஈட்டுக்கு நுகர்வோர் ஆணையம். கெடு இரண்டு வருடம், எட்டு மாதத்துக்கு மேல் ஏற்கெனவே போய்விட்டது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. ‘நர்ஸ்தான் எண்ணினார்’ என்று டாக்டர் கைகாட்டினாலும் பயப்படாதீர்கள். ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963இல் ஒரு பெண்ணின் வயிற்றில் துணியை விட்டுவிட்டார்கள், அவர் இறந்துபோனார். தவறு எந்த டாக்டருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டாலும் அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் வழக்கில் மருத்துவமனையையும் எதிர்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

போஸ்ட்மார்ட்டம் இல்லாதது பெரிய குறைதான். துணியால்தான் சீழ் வைத்தது, சீழால்தான் உயிர் போனது என்று காட்ட இரண்டாவது மருத்துவமனையின் ஆபரேஷன் குறிப்பும் சீழ்ப் பரிசோதனை அறிக்கையும் வேண்டும். எடுத்த துணியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா, போட்டோ எடுத்தார்களா என்றும் கேளுங்கள். துணியை எடுத்த இரண்டாவது மருத்துவமனை டாக்டரை நேரில் போய்ப் பாருங்கள். இன்னொரு டாக்டரைக் குறை சொல்லச் சொன்னால் தயங்குவார். வயிற்றைத் திறந்தபோது பார்த்ததை மட்டும் எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள்.