ஒற்றைச் செருப்பு: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ராணி மங்கம்மாளைப் பற்றிய உங்கள் சிறுகதையை இரண்டு முறை படித்தேன். மொகலாயத் தளபதி ஜுல்பிகர் கானுக்குப் போகவேண்டிய காணிக்கைப் பெட்டிகளை ராணி ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரிபார்க்கிறாள். பக்கத்து அறையில் ஆறு வயதுப் பேரனுக்குச் செவிலி அவன் அப்பாவின் செருப்புக் கதையைச் சொல்கிறாள். ராணி எழுந்துபோய் "போதும், தூங்கவை" என்கிறாள். கதை முடிந்துவிடுகிறது. மகன் காத்த மானத்தை அம்மா விற்கிறாள், நீங்கள் அதை அரசியல் கட்டாயம் என்று பூசி மெழுகுகிறீர்கள் என்றே எனக்குப் பட்டது. மருமகளின் சாவைப் பற்றி ஒரு வரி இல்லை. கடைசியில் ராணியைச் சிறைவைத்துப் பட்டினி போட்டதாகச் சொல்வார்களே, அதையும் ஏன் விட்டீர்கள்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

செருப்பிலிருந்தே தொடங்குகிறேன். மொகலாய பாதுஷாவின் ஒற்றைச் செருப்பை யானைமேல் வைத்துக் கொண்டுவருவார்களாம். அரசர்கள் எதிர்கொண்டு வணங்கவேண்டும். மங்கம்மாளின் மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பன் அதைத் தன் காலில் மாட்டிக்கொண்டு, இன்னொன்று எங்கே என்று கேட்டான் என்பது கதை. நடந்ததோ இல்லையோ, சொல்லச் சொல்லச் சலிக்காத கதை. ஆனால் அவன் 1689இல் அம்மை கண்டு இறந்துபோனான். அப்போது மனைவி வயிற்றில் இருந்த பிள்ளைதான் விஜயரங்க சொக்கநாதன். மூன்று மாதக் குழந்தைக்குப் பட்டம் கட்டிவிட்டுப் பாட்டி ஆளத் தொடங்கினாள். மறு ஆண்டே ஜுல்பிகர் கான் செஞ்சியை முற்றுகையிட வந்துவிட்டான். 1698 வரை அந்த முற்றுகை இழுத்தது. கிழக்கே தஞ்சை மராட்டியர், மேற்கே மைசூர். மகன் செருப்பை மாட்டியபோது அவனுக்குப் பின்னால் அம்மா இருந்தாள். அம்மாவுக்குப் பின்னால் இருந்தது ஒரு தொட்டில்.

காணிக்கை வீணாகவும் இல்லை. தஞ்சைக்காரர்கள் பிடித்துவைத்திருந்த சில பகுதிகளை ஜுல்பிகர் கானின் தயவில்தான் அவள் மீட்டாள். ஆகவே அவள் செய்தது சரியா என்று கேட்டால், தயங்காமல் சரி என்பேன். என் கதை அந்த இடத்தைத் தாண்டித்தான் ஆரம்பிக்கிறது. தான் செய்தது என்ன என்பதை அவளால் பேரனிடம் சொல்ல முடியவில்லை. அப்பாவின் செருப்பு அவனுக்குக் கதையாகக் கிடைக்கிறது. பாட்டியின் பெட்டிகள் கிடைப்பதில்லை.

இது எனக்குச் சரித்திரப் புத்தகத்தில் கிடைத்ததில்லை. எங்கள் தாத்தா மேலதிகாரியின் மேசைமேல் ராஜினாமாக் கடிதத்தை வீசிவிட்டு வந்த கதை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்த மாதம் ஆச்சி அதே அதிகாரி வீட்டுக் கொல்லை வாசலில், ஒரு பை நிறைய முருங்கைக்காயோடு போய் நின்றது எனக்கு முப்பத்தைந்து வயதில்தான் தெரியவந்தது. வேலை திரும்பக் கிடைத்தது. தாத்தா கதையைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஆச்சி அடுப்படியில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பாள்.

மருமகள் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். கணவனோடு உடன்கட்டை ஏறத் துடித்த முத்தம்மாளை, பிள்ளை பிறக்கட்டும் என்று மங்கம்மாள் தடுத்து நிறுத்தினாள். பிரசவமானதும் அவள் பன்னீரை அளவில்லாமல் குடித்து, ஜன்னி கண்டு செத்தாள் என்பார்கள். அதை எழுதத்தான் செய்தேன். இரண்டு பக்கம். வெளியிடும் முன் எடுத்துவிட்டேன். 1682இல் கணவர் சொக்கநாதர் இறந்தபோது மங்கம்மாள் சிதை ஏறாமல் உயிரோடு இருந்தவள். உயிரோடு இருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் மருமகளைத் தடுத்தாளா, இல்லை வாரிசுக்காகவா? பேரனை இடுப்பில் தூக்கிக்கொள்வதே ராஜாங்கக் காரியமாகிவிட்ட வீட்டில் இதை அவளாலேயே பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. என்னாலும் முடியவில்லை. முடியாததை எழுதுவதுதானே வேலை என்று நீங்கள் கேட்டால் பதில் இல்லை. பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

சிறையை விட்டது மட்டும் தெரிந்தே செய்தது. கண்ணுக்கெட்டும் தூரத்தில், கைக்கெட்டாமல் சோற்றை வைத்துக் கொன்றார்கள் என்ற பேச்சு பரிதாபத்தை அள்ளிக் கொட்டும். பரிதாபம் வந்துவிட்டால் வாசகர் அவளிடம் கணக்குக் கேட்கமாட்டார். நீங்கள் இவ்வளவு கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. பேரனையும் வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஊஞ்சல் மண்டபத்து விதானத்தில் பாட்டியோடு அவனையும் தீட்டிவைத்திருக்கிறார்கள். பொற்றாமரைக் குளத்துப் பக்கம் போகும்போது அண்ணாந்து பாருங்கள். பின்னாளில் அவன் கஜானாவைக் கோயில்களுக்கு வாரி வழங்கியவன். செருப்பை மாட்டிக் காட்டவேண்டிய அவசியம் அவனுக்கு வரவே இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்தபோதுதான் என் பிழை ஒன்று கண்ணில் பட்டது. கதை நடப்பது முற்றுகையின் மூன்றாம் ஆண்டு வாக்கில். அப்படியென்றால் பையனுக்கு நான்கு வயதுதான் இருக்கும், ஆறு என்று போட்டுவிட்டேன். நான்கு வயதுப் பிள்ளை, இன்னொன்று எங்கே என்று கேட்காது. ஒரே செருப்பில் இரண்டு காலையும் நுழைக்கப் பார்க்கும். தொகுப்பில் மாற்றிவிடுகிறேன்.