வாசகர் கேள்வி - பதில்: 31,000 ரூபாயும் 1,000 ரூபாயும்

கேள்வி: என் கணவர் நூற்பாலையில் 27 வருஷம் வேலை பார்த்தவர். பி.எஃப். பென்ஷன் மாதம் 1,340 ரூபாய். ரிட்டயர் ஆன நாளிலிருந்து ஒரு ரூபாய் ஏறவில்லை. முன்னாள் எம்.பி.க்களுக்கு 31,000 என்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகி, பல்லடம்

பதில்: உண்மைதான் சகோதரி. 2025 மார்ச்சில் வந்த அறிவிப்பு அது. எம்.பி. சம்பளம் ஒரு லட்சத்திலிருந்து 1,24,000, முன்னாள் எம்.பி. பென்ஷன் 25,000-லிருந்து 31,000, அதுவும் 2023 ஏப்ரல் 1 முதல் முன்தேதியிட்டு. ஐந்து வருஷத்துக்கு மேல் பதவியில் இருந்தவர் என்றால் கூடுதலாக இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் மாதம் 2,500 சேரும்.

தொகையைக்கூட விடுங்கள், அது ஏறுகிற விதம்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. 2018 நிதிச் சட்டத்திலேயே, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டின்படி இதெல்லாம் தானாக உயரும் என்று எழுதி வைத்துக்கொண்டார்கள். யாரும் கொடி பிடிக்க வேண்டாம், மனு கொடுக்க வேண்டாம். உங்கள் கணவரின் திட்டத்தில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்தது 2014 செப்டம்பரில். எம்.பி.க்களுக்கு உயர்ந்த அந்த 2025 மார்ச்சிலும் அதே 1,000தான். 7,500 ரூபாயும் பஞ்சப்படியும் கேட்டு வயசானவர்கள் டெல்லி வரை போய் உட்கார்ந்து பார்த்துவிட்டார்கள். இத்தனைக்கும் இந்தப் பென்ஷனுக்கு வேலை பார்த்த காலம் பூரா மாசாமாசம் பணம் கட்டப்பட்டிருக்கிறது, எம்.பி. பென்ஷனுக்கு எந்தப் பிடித்தமும் கிடையாது.

போன நவம்பரில் பக்கத்து வீட்டுப் பெரியவரை, பென்ஷன் நிற்காமல் இருக்க வருஷா வருஷம் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்று எடுக்கக் கூட்டிப்போனேன். அவரும் மில்லில் இருந்தவர். நூல் இழுத்து இழுத்துத் தேய்ந்த விரல், ரேகை மெஷினில் விழவே இல்லை. ஒவ்வொரு விரலாகத் துடைத்துத் துடைத்து வைக்கிறார், சிவப்பு விளக்குதான் எரிகிறது. கடைசியில் செல்போனில் முகத்தைக் காட்டித்தான் வேலை முடிந்தது. அரை நாள் போச்சு, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு.

கேள்வி: மக்கள் சேவைதானே, சம்பளத்தையே நிறுத்திவிட்டால்?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம் ஐயா. பிரிட்டனில் 1911 வரை எம்.பி.க்களுக்குச் சம்பளம் கிடையாது. சொத்து உள்ளவர்கள் கவலையில்லாமல் சபையில் உட்கார்ந்தார்கள், தொழிலாளி உள்ளே வர வேண்டுமானால் சங்கம் சோறு போட வேண்டியிருந்தது. அப்புறம்தான் வருஷத்துக்கு 400 பவுண்டு என்று ஆனது. இங்கேயும் நிறுத்தினால் கோடீஸ்வரருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, கூலி வேலை பார்க்கும் வீட்டிலிருந்து யாரும் தேர்தலில் நிற்க முடியாமல் போகும்.

கேள்வி: எம்.எல்.ஏ.க்கள் மட்டும் என்ன வாழ்கிறது?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: நம் ஊரில் 2017 ஜூலையில் எம்.எல்.ஏ.வுக்குச் சம்பளமும் படிகளும் சேர்த்து மாதம் 55,000 என்பது 1,05,000 ஆனது, ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் உட்கார்ந்திருந்த நேரம் அது. அதற்கான மசோதா சட்டசபைக்கு வந்தது 2018 ஜனவரியில், சம்பள உயர்வு கேட்டு பஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தபோது. எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. எதிர்த்தது, மசோதா நிறைவேறிவிட்டது. குறைக்கவே முடியாது என்றும் இல்லை. பஞ்சாபில் 2022-ல், எத்தனை முறை ஜெயித்திருந்தாலும் முன்னாள் எம்.எல்.ஏ.வுக்கு ஒரே பென்ஷன்தான் என்று சட்டம் போட்டார்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: இப்படிக் குறைக்கிற சட்டம் எப்போது போடுவீர்கள், உங்களுக்கு ஏற்றித் தருகிற அந்தக் குறியீட்டை பல்லடத்து சகோதரி வீட்டு 1,340 ரூபாய்க்கும் எப்போது போடுவீர்கள்?