மேய்க்காலில் ட்ரோன் மருந்தடிக்க டெண்டர் கிடைக்குமா?

கேள்வி: கல்லல் பக்கம் எங்கள் ஊர். சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து, மருந்து தெளிக்கும் ட்ரோன் ஒன்று வாங்கி ஓட்டுகிறேன். ஆடுமாடு மேய விட்ட பொது நிலமான ஊர் மேய்க்கால் புறம்போக்கு முழுக்கச் சீமைக்கருவேல் அடைத்துக் கிடக்கிறது. அமெரிக்காவில் புல்வெளியை மீட்க அரசே காண்ட்ராக்ட் விட்டு, வானிலிருந்து களைக்கொல்லி தெளிக்கிறதாமே, இங்கே அப்படி டெண்டர் எடுக்க வழி உண்டா?

தம்பி, நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். நியூ மெக்சிகோவில் அரசு நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் துறை 2005 முதல் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்கிறது. அங்கே புல்லை அழிப்பவற்றில் ஒன்று மெஸ்கீட், நம் சீமைக்கருவேலுக்குப் பங்காளி. ஆனால் அது வீடுகள் தூரதூரமாக இருக்கிற வறண்ட நிலம்.

நம் பக்கம் மேய்க்காலே பல ஊர்களில் ஊரணிக்கு நீர்பிடிப்பு. ஐப்பசி மழை செம்மண் மேட்டில் விழுந்து, வரத்துக்கால் பிடித்து, நேராக ஊரணிக்குள் இறங்கும். அந்தத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு குடிக்கிற ஊர்கள் செட்டிநாட்டில் இன்னமும் இருக்கின்றன. மேலே அடித்த மருந்து எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் அடித்ததன் துயரம் நமக்கு நன்றாகத் தெரியும். அதனால் என் பதில்: தெளிக்க வேண்டாம்.

சட்டமும் லேசில் விடாது. களைக்கொல்லியும் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள் வருகிறது. எந்த மருந்தை எதற்கு அடிக்கலாம் என்பது லேபிளில் இருக்க வேண்டும். வானிலிருந்து தெளித்தால் 24 மணி நேரத்துக்கு முன்பே ஊருக்கு அறிவிக்க வேண்டும். ஆளும் ஆடுமாடும் உள்ளே வராமல் தடுக்க வேண்டும். கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை 2022 அக்டோபரிலிருந்து பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம். உங்கள் கையில் உள்ள ட்ரோன் பைலட் சான்றிதழ் இதற்கெல்லாம் ஈடாகாது.

சரி, அப்படியானால் வேலையே இல்லையா? இருக்கிறது. அன்னிய களைத்தாவரங்களை அகற்றி நிலத்தை மீட்க 2022-இல் தமிழக அரசு ஒரு கொள்கையே கொண்டுவந்தது. முதலில் இடம் யாருடையது என்று வி.ஏ.ஓ.விடம் அடங்கலை (ஊர் நிலப் பதிவேடு) பாருங்கள். மேய்க்கால் ஊராட்சியின் பொறுப்பு. கண்மாய் என்றால், ஆயக்கட்டு (அதில் பாசனம் பெறும் நிலம்) 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். ஆளை மாற்றி மனுக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டெண்டர் விட்டால் 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படிதான் விட வேண்டும். 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குப் டெண்டர் போடப் பொதுவாகக் குறைந்தது 15 நாள் அவகாசம் உண்டு.

இன்னொரு முக்கியமான வித்தியாசம். அமெரிக்காவில் அரசு பணம் கொடுத்து மரத்தைச் சாகடிக்கிறது. இங்கே பெரும்பாலும் ஏலம்தான். எடுப்பவர் அரசுக்குப் பணம் கட்டி, விறகை வெட்டிக் கரிமூட்டத்துக்கு ஏற்றுகிறார். அவருக்கு வேண்டியது தரைக்கு மேலே இருக்கிறது. நமக்குப் போக வேண்டியது தரைக்குக் கீழே! ஓர் ஊரில் ரம்பத்தால் அரையடி விட்டு அறுத்துப் போனார்கள். வேலை முடிந்ததாகக் கணக்கும் முடித்துவிட்டார்கள். இரண்டு மழை கழித்துப் போய்ப் பார்த்தேன். ஒரே தூரில் 17 துளிர் எண்ணினேன், ஒவ்வொன்றும் இடுப்பளவு. முன்பு ஒற்றை மரமாவது நின்றது, ஆடு உள்ளே நுழைந்தது. இப்போது நுழையவே வழியில்லை. எனக்கு ஆறவே இல்லை.

எனவே ஒப்பந்த நிபந்தனையில் இதைக் கேட்டு எழுத வையுங்கள்: ஜேசிபியால் தூரோடு, மண்ணுக்குள் இருக்கிற முளைப்பகுதியும் வெளியே வரும்படி பிடுங்க வேண்டும். குழியை மூட வேண்டும். ஏலமாக இல்லாமல் பணம் கொடுத்துச் செய்யும் வேலையானால், தொகையில் ஒரு பங்கை வடகிழக்குப் பருவமழை முடியும்வரை நிறுத்திவைத்து, தை மாதம் ஊரார் முன்னால் துளிர் எண்ணிப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். உழைக்கிற காண்ட்ராக்டருக்கு இதில் பயமில்லை.

ட்ரோனுக்கும் இதில் வேலை இருக்கிறது. கேமரா ட்ரோன் கிடைத்தால் வெட்டுக்கு முன்னும் பின்னும் படமெடுத்துக் கொடுங்கள். எம் புக்கில் (செய்த வேலையை அளந்து பதியும் புத்தகம்) எழுதும் அளவை யாரும் மறுக்க முடியாது. புரட்டாசிக் கடைசியில் கொழுக்கட்டைப் புல் விதை தூவலாம். விதை பஞ்சு மாதிரி இருப்பதால் அப்படியே போட்டால் காற்றில் பறக்கும். செம்மண்ணும் சாணமும் சேர்த்துச் சிறுசிறு உருண்டையாக்கிக் காயவைத்து, விதை தூவும் பெட்டியை மாட்டி இறக்குங்கள். சாணத்தில் மட்டும் கவனம். கருவேல நெற்று தின்ற மாட்டின் சாணத்தில் அதன் விதை சாகாமல் வரும். தொழுவத்தில் வைக்கோல் தின்கிற மாட்டின் சாணமாகக் கேட்டு வாங்குங்கள். புல் வேர்பிடித்து விதை கட்டும்வரை ஆட்டுக்கிடை போடக் கூடாது; இதைக் கிடைக்காரர்களிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.